வரிசையில் நின்றவர்களும் வானத்துக் கண்ணும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நான் நீட்டி முழக்கினால் அடிப்பதற்கென்று மணியையும் கையருகே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும், யாழ்ப்பாணத்தில் பிறந்து எங்கள் மலையகத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஊட்டிய செல்வரத்தினம் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை இலவசமாகத் தந்துவிட்டு அது இரையாமல் இருக்க வேண்டுமே என்று அதன் பக்கத்திலேயே காவல் நிற்கும் ஹட்டன் கடைவீதி அன்ஸார் நானா அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவின் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவர்களே, பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் விறகு பொறுக்கி, துணி துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அத்தனைக்கும் பிறகு தமிழ் கேட்க வேண்டும் என்று மலை ஏறியும் மலை இறங்கியும் இந்த வாசிகசாலை மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரத்தில் நின்றுகொண்டு கைதட்டலாமா நழுவலாமா என்று யோசிக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இராமையாவின் பணிவான வணக்கம்.

கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் வாசிகசாலைச் சங்கத்தார் என்னைப் பிடித்து, ‘நவீன யுத்தத்தில் நவீன விஞ்ஞானம்’ என்று ஒரு தலைப்பைத் தந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: “யுத்தந்தான் போன வருசமே முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்குங்க அதப் போயி பேசுறீங்க?”

நியாயமான கேள்வி. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். யுத்தம் முடிந்தது என்று பத்திரிகை சொன்னது, வானொலி சொன்னது, வெடி கொளுத்தி வீதியும் சொன்னது. ஆனால் இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கு அது இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் விடியும்போது நம்முடைய பெரட்டுக்களத்தில் அவருக்கு அது திரும்பத் தொடங்குகிறது. அவர் உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேசத்தான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டேன். தலைப்பைத் தந்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் தலைப்பை விட்டு ஓடமாட்டேன்.

அன்பானவர்களே, அந்த நாளில் யுத்தம் எப்படி நடந்தது? வாள் ஏந்தியவன் எதிரியின் வியர்வை வாசம் தெரியும் தூரத்தில் நின்றான். வில் ஏந்தியவன் முகம் தெரியும் தூரத்தில் நின்றான். துப்பாக்கி ஏந்தியவன் உருவம் தெரியும் தூரத்தில் நின்றான். விமானம் ஏறியவனுக்கு உருவமும் தெரியவில்லை, ஊர் மட்டும் தெரிந்தது. இன்றைக்கு? விமானத்தில் ஆளே இல்லை. ஆளில்லா விமானம். ஆள் எங்கே போனான்? எங்கேயோ ஓர் அறையில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு திரைக்கு முன்னால், தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தேநீர் நம் மலையில் பறித்த கொழுந்தாகக்கூட இருக்கலாம்.

அதோடு நின்றதா? நிற்கவில்லை. நாற்காலியில் இருக்கும் அந்த ஆளும் இனி வேண்டாமாம். உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுகூடங்களில் கணினிக்கே அறிவு புகட்டப் பார்க்கிறார்கள். செயற்கை அறிவு என்று அதற்குப் பெயர். ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, இது மாடு, இது மரம், இது லொறி, இது படை என்று பழக்குகிறார்கள். பழகி முடிந்ததும் அதுவே பார்க்குமாம், அதுவே பிரிக்குமாம், ஒரு நாள் அதுவே முடிவும் எடுக்குமாம். பார்க்க ஒரு மனிதன் வேண்டாம், பதற ஒரு மனிதன் வேண்டாம், பிறகு படுக்கையில் புரண்டு வருந்தவும் ஒரு மனிதன் வேண்டாம்.

விஞ்ஞானத்தின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சோறு தின்கிறேன். மண் சரிந்து லயத்து வீடுகள் புதைந்த இடத்தில், எந்த மூலையில் உயிர் துடிக்கிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்லும் கண் ஒன்று வந்தால், அதற்கு முதல் மாலை போடுபவன் நானாகத்தான் இருப்பேன். கண்ணின் மேல் குற்றம் இல்லை. கண்டதற்கு அர்த்தம் சொல்கிற மூளை யாருடையது என்பதுதான் என் கேள்வி.

சரி, கதைக்கு வருகிறேன். பின்னால் ஒருவர் ‘அப்பாடா’ என்றது இங்கே கேட்டது.

அம்மாக்கண்ணுவை உங்களுக்குத் தெரியும். போன வருடக் கடைசியில் வவுனியா முகாமிலிருந்து மகள் கௌசியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவர். வந்தவர் என்று சொல்வதே தவறு, திரும்பி வந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இந்த மேல்கணக்கு லயத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. அவரைப் பற்றி இந்த மேடையில் பேசலாமா என்று நேற்று அவரிடமே போய்க் கேட்டேன். பேர் சொல்லாமல் பேசுகிறேன் அம்மா என்றேன். அவர் சொன்னார்: “பேரச் சொல்லியே பேசுங்க சார். சொல்லாம விட்டா, அந்தப் பைத்தியத்தத்தான் சொல்றாருன்னு பேசிக்குவாங்க. எனக்கு ஒரு பேரு இருக்குல்ல.”

இருக்கிறது அம்மா. அதனால்தான் உரக்கச் சொல்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில், காடு வெட்டிக் குடியேறிய மலையகத்துக் குடும்பங்கள் சேர்ந்திருந்த ஒரு சிற்றூர். அந்தப் பக்கத்துக் காணிக்காரர்களின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூலி வேலை செய்த மக்கள். தேயிலை இல்லை, துரை இல்லை, தொழிற்சாலைச் சங்கு இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் மலையிலிருந்து கையோடு கொண்டு போயிருந்தார்கள். என்ன தெரியுமா? பெரட்டு.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும்போது தொழிலாளர்களை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் போட்ட வழக்கம். அந்த வழக்கத்தை, யாரும் கேட்காமல், யாரும் ஏவாமல், அந்தச் சனங்கள் வன்னியிலும் வைத்துக்கொண்டார்கள். காலையில் கிணற்றடிக்குப் பக்கத்து வெளியில் வரிசையாக நிற்பார்கள். தோளில் மண்வெட்டி, கையில் காட்டுக்கத்தி. அம்மாக்கண்ணுவின் கணவர் செல்லசாமி எதிரே நின்று பேர் கூப்பிடுவார்.

பக்கத்து ஊரில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா, நல்ல மனிதர், தினமும் சைக்கிளில் போகும்போது பகிடி விடுவாராம்: “செல்லசாமி, உங்களை எண்ணிறதுக்கு இஞ்சை ஆர் துரை இருக்கினம்?” செல்லசாமி சொல்வாராம்: “தொரைக்காக எண்ணலீங்க ஐயா. யாரு எந்திரிக்கல, யாரு காய்ச்சல்ல கெடக்குறாங்கன்னு எங்களுக்குத் தெரியணும்ல. ஒரு பேருக்குப் பதில் வரலன்னா, ஒடனே அந்த வீட்டுக்கு ஆள் ஓடும்.”

கவனியுங்கள் தாய்மார்களே. நம்மை ஆட்டிப்படைக்க அவன் போட்ட வரிசை அது. ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருக்க இவர்கள் வைத்துக்கொண்ட வரிசை இது. ஆகாயத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகாயத்திலிருந்து பார்க்கவும் ஒன்று வந்தது. வன்னிச் சனங்கள் அதற்கு வைத்த பேர் வண்டு. ஆளில்லாத விமானம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். காலையில் வரும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அது வந்து போனால் பின்னால் குண்டு வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அது யாருடையது, பின்னால் வந்தது யார் எறிந்தது என்றெல்லாம் நான் இன்றைக்குப் பேசவில்லை. பயமா என்று கேட்கிறீர்களா? பயமும்தான். அதைப் பேசும் மேடையும் ஒரு நாள் வரட்டும். இரண்டு பக்கமும் வானத்தைக் கையில் எடுத்த காலம் அது, கீழே நின்றவர்கள் நம்மவர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணு கணவரிடம் சொல்லியிருக்கிறார்: “இப்பிடி வெட்டவெளியில நிக்க வேணாங்க. அது நம்மளையேதான் சுத்துது.”

செல்லசாமி என்ன சொன்னார் தெரியுமா? அவர் சொன்னார்: “சுத்தட்டும் புள்ள. ஒளிஞ்சு நின்னாத்தான் சந்தேகப்படுவாங்க. வரிசையா நின்னா, இதுக கூலி வேலைக்குப் போற சனங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க. நம்ம வரிசையப் பாத்தா யாருக்குத்தான் தெரியாது?”

அன்றிலிருந்து வரிசையை இன்னும் நேராக்கினாராம். வண்டின் சத்தம் கேட்டால், “நேரா நில்லுங்க, நேரா நில்லுங்க” என்பாராம். தலைமுறை தலைமுறையாக வரிசையில் நின்று பழகிய மனிதர். வரிசைதான் தன் அடையாள அட்டை என்று நம்பினார். வரிசையில் நிற்கிறவன் தொழிலாளி, தொழிலாளியை யார் கொல்வார் என்று நம்பினார். உலகத்தில் வேறு எந்தச் சனமாவது இப்படி நம்பியிருக்குமா? நாம் மட்டும்தான் நம்புவோம்.

மேலே இருந்த கண் என்ன கண்டது? தினமும் ஒரே இடம். தினமும் ஒரே நேரம். நேரான வரிசை. தோளில் நீளமாக ஒரு பொருள். எதிரே கட்டளையிடும் ஒருவன். பேர் கூப்பிட்ட குரல் அதற்குக் கேட்கவில்லை, அதனால் காய்ச்சல்காரியின் வீட்டுக்கு ஆள் ஓடியது தெரியவில்லை. மண்வெட்டிக்குப் பின்னால் இருந்த வெங்காயப் பாத்தி தெரியவில்லை. படை என்று முடிவாயிற்று. எந்த மூளை அப்படி முடிவெடுத்தது என்று எனக்குத் தெரியாது, மனித மூளையா, மனிதன் பழக்கிய மூளையா, யாரும் நமக்குச் சொல்லப்போவதும் இல்லை. ஒரு காலையில் அந்த வரிசையின் மேல் குண்டு விழுந்தது. செல்லசாமி பேர் கூப்பிட்டுக்கொண்டே விழுந்தார். அவரோடு நின்றவர்களில் பலர் எழவில்லை. வரிசையின் கடைக்கோடியில் நின்ற அம்மாக்கண்ணு எழுந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தலைமை தலையாட்டுகிறது, நன்றி.

அந்த அம்மாக்கண்ணுதான் இங்கே வந்திருக்கிறார். போன மாதம் ஹட்டனில் அன்ஸார் நானாவின் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். நானா ஒரு பையனுக்காக விளையாட்டு ஹெலிகொப்டர் ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டியிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாக்கண்ணு கடை மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுவிட்டார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானாவின் மனைவி உம்மு குல்சும் என்ன செய்தார்? எழும்பு என்று இழுக்கவில்லை. தானும் மேசைக்குக் கீழே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “ஒண்டும் இல்ல மகள், அது வெளையாட்டுச் சாமான். இரி, ரெண்டு பேரும் இங்கேயே தேத்தண்ணி குடிப்பம்” என்று இரண்டு கோப்பை வரவழைத்துக் கீழேயே குடித்திருக்கிறார்கள். அன்றைக்கே நானா அந்த ஹெலிகொப்டர்களை எடுத்துப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். வியாபாரம் போகுமே நானா என்று கேட்டேன். “போனாப் போகட்டும் சேர், வேற சாமானா இல்ல கடையில” என்றார். நானா, வெட்கப்பட்டு ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்.

கடைக்காரக் குடும்பம் அப்படி. நாம் எப்படி? அதை இப்போது பேசலாம்.

அம்மாக்கண்ணு வேலைக்கு அஞ்சுகிறவர் அல்ல. அவர் பறித்த கொழுந்தைப் பற்றிக் கண்டாக்கு ஐயாவே குறை சொல்லமாட்டார். ஆனால் காலைப் பெரட்டில் வரிசையில் நிற்கமாட்டார். பக்கத்திலிருக்கும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பேருக்குப் பதில் சொல்வார். காரணம் கேட்டேன். “மலையில ஆளுக்கொரு தேயில நெரையில பிரிஞ்சு நிக்கிறோம் சார், அங்க ஒண்ணும் தோணல. வரிசையா நிக்கையில மட்டும் ஒடம்பு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. காலு தன்னால ஓடுது” என்றார். வரிசையில் நிற்காதவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுகிறது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். இப்போது தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார், வருகிற மாதத்திலிருந்து வரிசையில் நின்றால் பேர், நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவது என்று. பேர் போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பரா போகும். காம்பரா போனால் கௌசியின் படிப்பு போகும். பிறகு இருவரும் எங்கே போவார்கள்? மறுபடியும் வன்னிக்கா?

துரையை மட்டும் சொல்லி நான் கைதட்டு வாங்கிக்கொண்டு போகமாட்டேன். துரைக்கு இதை யார் கொண்டுபோனது? ‘அவளுக்கு மட்டும் என்ன தனிச்சட்டம், நாங்க பனியில நிக்கலையா’ என்று கேட்டது யார்? பங்களாவிலிருந்து வந்த குரலா அது? நம் லயத்திலிருந்து போன குரல். கதவோரத்து இளைஞர்களே, அவர் பெரட்டுக்கு வரும்போது பின்னால் நின்று வண்டு மாதிரி இரைந்தது யார் என்று கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும், என் மாணவர்கள். தலையைக் குனியாதீர்கள், குனிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வலிக்கிறது, அதனால் பேசுகிறேன். மேலே இருந்த கண் என்ன செய்தது? வரிசையில் நின்றவர்களைப் பார்த்தது, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை, படை என்று சொல்லிவிட்டது. கீழே இருக்கிற நாம் என்ன செய்தோம்? வரிசையில் நிற்காத ஒருத்தியைப் பார்த்தோம், ஏன் நிற்கவில்லை என்று கேட்கவில்லை, திமிர் என்று சொல்லிவிட்டோம். அதற்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அதற்காவது காது இல்லை. நமக்கு இருக்கிறது. அதற்காவது அவள் ஒரு புள்ளி. நமக்கு அவள் பக்கத்துக் காம்பரா. அது ஆயிரம் அடிக்கு மேலே நின்று தவறு செய்தது. நாம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று தவறு செய்கிறோம்.

வருங்காலத்தில் இயந்திரங்கள் யுத்தம் செய்யும் என்கிறார்கள். செய்யட்டும், செய்யாமல் போகட்டும், அதைத் தடுக்கும் சக்தி கொட்டகலையில் இருக்கும் எனக்கும் உங்களுக்கும் இல்லை. ஆனால் இயந்திரம் மனிதனைப் போல ஆவது பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. மனிதன் இயந்திரத்தைப் போல ஆகிவிடுவானோ என்பதுதான் பயம். சட்டம் நிற்கச் சொல்கிறது, அவள் நிற்கவில்லை, வெட்டு. இதைச் சொல்ல ஓர் இரும்புத் துண்டு போதுமே. இதற்கு எதற்கு நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு?

கண்டாக்கு ஐயா அவர்களே, உங்களைச் சபையில் நிறுத்திக் கேட்பது மரியாதையல்ல என்று தெரியும். உங்களுக்கும் மேலே ஒரு கண் இருக்கிறது, உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். அவர் மடுவத்துக்குள் நின்று பதில் சொன்னால் முழுப் பேர் போட ஒரு வழி இல்லையா?

பதில் சொல்ல வேண்டாம் ஐயா, யோசித்தால் போதும். யார் அங்கே கையைத் தூக்குவது? லெட்சுமியா? சொல்லுங்கள் அம்மா. சத்தமாகச் சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். லெட்சுமி சொல்கிறார்: “அவள மட்டும் உள்ள நிக்க வச்சாத்தானே தனிச்சட்டம். நாளையிலருந்து நாங்க எல்லாருமே மடுவத்துக்குள்ள போயி நிக்கிறோம். கண்டாக்கு ஐயா உள்ள வந்து பேரு கூப்பிடட்டும்.” அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஆட்டவில்லை, பரவாயில்லை, நாளைக் காலைவரை நேரம் இருக்கிறது.

கண்டாக்கு ஐயா எழுந்திருக்கிறார். ஒலிவாங்கியைக் கொடுங்கள். வேண்டாம் என்கிறார், என்னிடமே சொல்கிறார். சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஐயா திருத்திக்கொள்ளலாம்: “மழை பெஞ்சா மடுவத்துக்குள்ள வச்சுத்தான் பெரட்டு கலைக்கிறோம். அது வழக்கத்துல உள்ளதுதான். நாளைக்கு மழைன்னு புத்தகத்துல போட்டுக்கிறேன்.”

எத்தனை நாளைக்கு ஐயா மழை?

“அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? இந்த மலையில மழை எப்ப விடும்னு யாரு கண்டா” என்கிறார்.

துரை கேட்டால்?

“மேல்கணக்குல மழைங்க தொரை, பங்களாப் பக்கம் எப்பிடின்னு கேப்பேன்” என்கிறார்.

கைதட்டுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்குத் தட்டுங்கள். அம்மாக்கண்ணு அழ வேண்டாம் அம்மா. சரி, அழுங்கள், பக்கத்தில் லெட்சுமி இருக்கிறார்.

தலைவர் அவர்களே, நான் தயாரித்து வந்த முடிவுரை சட்டைப்பையில் இருக்கிறது. அது இனித் தேவையில்லை. நாளைக் காலையில் வானம் தெளிந்திருக்கலாம், சூரியன் சுள்ளென்று அடிக்கலாம், கொட்டகலை முழுக்க வெயிலாக இருக்கலாம். நம்முடைய மேல்கணக்கில் மட்டும் மழை. கூரைக்குக் கீழே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, வரிசையில்லாமல், கோடில்லாமல், கூட்டமாக நிற்போம். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாக்கண்ணு என்ற பேருக்குப் பதில் வரும். இயந்திரத்துக்கு இன்னும் எவ்வளவு அறிவைப் புகட்டினாலும் புகட்டட்டும். ஒரு மனுஷிக்காக, வெயிலடிக்கும் காலையை மழை என்று எழுத அதற்கு ஒரு நாளும் வராது.

பேச இடம் தந்த சங்கத்தாருக்கும், பொறுத்துக்கொண்ட தலைமைக்கும், பேர் சொல்லிப் பேச அனுமதித்த அம்மாக்கண்ணுவுக்கும், பெய்யாத மழைக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட கண்டாக்கு ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை விடியற்காலையில் மடுவத்தில் சந்திப்போம். வணக்கம்.